உஷார்! ராத்திரி உங்கள் நாயோடு யார் இருப்பார்கள்?

லீவு வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று, தங்கும் இடத்துக்கும் பணம் கட்டியாயிற்று. கிளம்ப நாலு நாள் இருக்கும்போதுதான் 'டாமியை என்ன செய்வது?' என்ற கேள்வி எழுகிறது. போனில் தேடுகிறோம். புல்தரையில் பந்து துரத்தும் லாப்ரடார், நீச்சல் தொட்டியில் கோல்டன் ரெட்ரீவர், தொப்பி வைத்து கேக் வெட்டும் பக் என்று படங்கள் வந்து விழுகின்றன. நம்பரைப் போட்டால் ஒரு குரல்: 'வீடு மாதிரிப் பார்த்துக்குவோம் சார், கவலையே படாதீங்க.' முன்பணம் போய்விடுகிறது.

தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குரலிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் விடியும்வரை, என் நாய் இருக்கும் கட்டடத்துக்குள் எந்த ஆள் படுத்திருப்பார்? பதில் சட்டென்று, ஒரு ஆளின் பெயரோடு வந்தால் மேற்கொண்டு பேசலாம். 'கேமரா இருக்கு சார்', 'தெரு முனையில வாட்ச்மேன் இருக்கார்', 'ஓனர் வீடு பக்கத்துலதான்' என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். கேமரா பார்க்கும். எழுந்து வந்து கதவைத் திறக்காது.

2021 செப்டம்பர் 18, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில், நாய்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த 75 நாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; புகையே கொன்றுவிட்டது. அந்த நேரத்தில் கட்டடத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆள் இருந்தாக வேண்டும் என்று அங்கே சட்டமும் இல்லை. ஆள் வைக்காததில் விடுதிக்காரர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதுதான் இதில் நெஞ்சைப் பிசைகிற விஷயம். நாய்களை விட்டுச்சென்ற குடும்பங்கள் நல்ல இடம் என்று நம்பித்தான் விட்டார்கள். ராத்திரியில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 2014 ஜூனில், அரிசோனாவின் கில்பர்ட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாய்கள் ஒரு சின்ன அறைக்குள் சூட்டில் செத்துப்போயின. அங்கே ஆள் இருந்தார்கள், வீட்டுக்குள்தான் வைத்திருந்தார்கள். ராத்திரி பூட்டிய அறையில் காற்று போதவில்லை. விடிகிறவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. சில உரிமையாளர்களிடம் முதலில் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? 'உங்கள் நாய் ஓடிப்போய்விட்டது.'

இரண்டுமே சட்டமும் காப்பீடும் வேரூன்றிய நாட்டில் நடந்தவை. இங்கிலாந்தில் 2018 முதல், நாயைத் தங்கவைப்பதைத் தொழிலாகச் செய்யும் எவரும், தன் வீட்டிலேயே ஒன்றிரண்டு நாயைப் பார்த்துக்கொள்பவர் உட்பட, உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வாங்க வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருவார். இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் 2017-ல் வந்த மத்திய விதிகள் முக்கியமாக நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்களைக் குறிவைத்தவை. 2018-ல் வந்தவை செல்லப்பிராணிக் கடைகளுக்கானவை. ஆகவே ஒரு போர்டிங்காரர் 'நாங்க ரிஜிஸ்டர்டு' என்று சான்றிதழைக் காட்டினால், அது எதற்கான பதிவு என்று வாசித்துப் பாருங்கள். கடை நடத்தவா, குட்டி விற்கவா, வெறும் ஜிஎஸ்டி எண்ணா? நம் ஊரில் கூகுளில் தெரிகிற நட்சத்திரங்களை எந்த ஆய்வாளரும் கொடுக்கவில்லை.

சரி, கொடுமை நடந்தால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். பட்டினி போடுவது, அசைய முடியாத கூண்டில் அடைப்பது எல்லாம் அதில் குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அச்சுப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். அந்தத் தொகையை நம்பி உங்கள் நாயை ஒருவர் நன்றாக வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்தாக வேண்டும்.

அதற்கு நேரில் போக வேண்டும். வேறு வழி கிடையாது. 'நீங்க வரவே வேண்டாம் மேடம், வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போயிடுறோம்' என்பதை வசதி என்று நினைக்காதீர்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிற வாக்கியம். வண்டி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. புக்கிங் எடுப்பவர் ஒருவர், நாயை வைத்திருப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு இப்போது சகஜம். சீசனில் இடம் நிறைந்துவிட்டால் உங்கள் நாய் அவர்களுக்குத் தெரிந்த வேறொருவரின் வீட்டுக்குக் கைமாறும். உங்களுக்கு வரும் படங்களில் மட்டும் புல்தரை இருக்கும். முதல் நாளே பத்துப் படம் எடுத்துவைத்து நாளுக்கு இரண்டாக அனுப்புவதற்கு யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. அதனால் படம் கேட்காதீர்கள். வீடியோ அழைப்பு கேளுங்கள், நீங்கள் நினைத்த நேரத்தில்.

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை சொல்லாமல், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள். ஓர் இடத்துக்கு நான் அப்படிப் போனபோது முன் அறையில் ஏசி, சோபா, சுவரெல்லாம் நாய்ப் படம். பின்பக்கம் பார்க்கலாமா என்றால் 'புது ஆளைப் பார்த்தா நாய்ங்க டென்ஷன் ஆகும்' என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, நாய்கள் குரைக்கத்தான் செய்யும். ஆனாலும் உங்கள் நாய் படுக்கப்போகும் இடத்தை உங்களுக்குக் காட்டாதவர்களிடம் விடவே கூடாது. வாசலிலிருந்தாவது, ஜன்னல் வழியாகவாவது பார்க்க விட வேண்டும்.

போனால் எதைப் பார்ப்பது? தரையைப் பார்க்காதீர்கள், அதை நீங்கள் வருவதற்கு முன் கழுவியிருப்பார்கள். சுவரைப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் மூலை, கூண்டின் கீல், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, இங்கெல்லாம் போனில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிற உண்ணி இந்த இடுக்குகளில்தான் வாழ்கிறது. நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வெளியே தோட்டமோ புல்லோ அதற்குத் தேவையே இல்லை. சிமென்ட் கட்டடத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். சுவரோரம் மிளகு அளவில் ஒன்று ஊர்ந்தால் போதும், கிளம்பிவிடுங்கள். உண்ணி கடித்து வரும் 'டிக் ஃபீவர்' இருக்கிறதே, எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகளால் வருவது, சென்னையில் நாய் டாக்டர்கள் தினமும் பார்க்கிற வியாதி. கடித்த அன்றே தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் நாய் சோறு வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும், காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், தட்டணுக்கள் குறைந்து சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். அதற்குள் நீங்கள் ஊருக்குப் போய்வந்ததையே மறந்திருப்பீர்கள். போர்டிங்கையும் இந்தக் காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நாயை விடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு உண்ணித் தடுப்பு மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மூக்கு. பினாயில் வாசனை தூக்கலாக அடித்தால் 'அடடா, எவ்வளவு சுத்தம்!' என்று தோன்றும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் சாதாரண பினாயிலுக்கோ சோப்புக்கோ சாகாது. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய கிருமி அது. நோய்வாய்ப்பட்ட நாய் மலம் கழித்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் கரைசல் அதைக் கொல்லும், அதுவும் அழுக்கை முதலில் கழுவித் தள்ளிவிட்டு, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால். ஒரு நாய் போய் அடுத்த நாய் வருவதற்குள் அந்தக் கூண்டை எதைக்கொண்டு கழுவுகிறார்கள், எத்தனை நேரம் காயவிடுகிறார்கள் என்று கேளுங்கள். கழுவுகிற தம்பியிடமே கேளுங்கள், முதலாளியிடம் வேண்டாம்.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்மூரில் பல போர்டிங்குகளை நடத்துபவர்கள் குட்டி விற்பவர்கள். ஒரே வளாகத்தில் முன்னால் போர்டிங், பின்னால் குட்டிகள். எங்கிருந்தோ வந்த, ஊசி முடியாத குட்டிகள் இருக்கும் இடத்தில் பார்வோவும் டிஸ்டெம்பர் வைரஸும் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கருத்தடை செய்யாத பெண் நாயை அப்படிப்பட்ட இடத்தில் விடுவது அறவே கூடாது. திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்துக் குட்டி போட்ட பிறகு யாரைப் போய்க் கேட்பது? நல்ல இன ஆண் நாயாக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே அதை இணைசேர்க்கப் பயன்படுத்துவதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

ஓர் இடம் நல்லதா என்று அறிய எனக்குத் தெரிந்த மிக நம்பகமான வழி, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பது. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, தேதியைப் படித்துப் பார்க்கிறார்களா? கெனல் காஃப் ஊசி போட்டாயிற்றா என்று கேட்கிறார்களா? நாம் வழக்கமாகப் போடும் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் ஊசிகளில் அந்த இருமலுக்கு முக்கியக் காரணமான போர்டெடெல்லாவுக்கு மருந்து கிடையாது. தனியாகப் போட வேண்டும். பத்து நாய் ஒரே காற்றை மூச்சு வாங்கும் இடத்தில் ஒன்று இருமினால் எல்லாம் இருமும். ஊசியைக் கிளம்பும் முதல் நாள் போட்டுப் பயனில்லை, இரண்டு வாரமாவது முன்னால் போட வேண்டும். கடித்திருக்கிறதா, பிட்ஸ் வந்ததுண்டா, இடிக்குப் பயப்படுமா, என்ன மாத்திரை, எந்த டாக்டர் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு உங்களுக்கு எரிச்சல் வரவைக்கிறார்களா? அந்த இடத்தில் விடுங்கள். 'ஊசி கார்டெல்லாம் அப்புறம் வாட்ஸப்ல அனுப்புங்க சார்' என்பவர், உங்களுக்கு முன்னால் வந்த பத்துப் பேரிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மே மாதம் விடுகிறீர்கள் என்றால் மேலே அண்ணாந்து பாருங்கள். தகரக் கூரையா, ஆஸ்பெஸ்டாஸா, மொட்டை மாடியில் போட்ட ஷெட்டா? நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல்சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கும் மேலே போனால் குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கெடும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் இது நடக்கும். ஏசி அறை என்று காசு வாங்குகிறார்களா? கரண்ட் போனால் ஏசிக்கு ஜெனரேட்டர் உண்டா, வெறும் ஃபேனுக்கு இன்வெர்ட்டர் மட்டும்தானா என்று கேளுங்கள். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த ஏசி அறையில், அக்கினி நட்சத்திர இரவில், ஆள் இல்லாமல் கரண்ட் போனால் கில்பர்ட்டில் நடந்தது இங்கே நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தீபாவளிக்கு விடவே விடாதீர்கள் என்பேன். வெடிச்சத்தத்தில் பழகிய வீட்டிலேயே கட்டிலடியில் ஒடுங்குகிற பிராணி, பழக்கமில்லாத இடத்தில் கேட் திறக்கும் அந்த ஒரு நொடியில் பாய்ந்துவிடும். எந்தத் திசையில் ஓடுகிறோம் என்று அதற்கே தெரியாது. சேர்ந்த முதல் இரண்டு நாளும் இந்த ஆபத்து எந்த சீசனிலும் உண்டு. அதனால்தான் நல்ல இடங்களில் ஒரு கேட்டுக்குள் இன்னொரு கேட் இருக்கும். வெளிக்கதவைப் பூட்டின பிறகுதான் உள்கதவு திறக்கும். அது இல்லாத இடத்தில் பால் பாக்கெட் வாங்க ஒருவர் கதவைத் திறந்தாலே போதும்.

நாட்டு இன நாய் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரண பெல்ட்டைப் போட்டு இழுத்தால் பின்னால் ஒரு உதறு உதறி உருவிக்கொண்டு போய்விடும். ஓட ஆரம்பித்தால் அதைப் பிடிக்கிற மனிதன் பிறக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் போடும் ஹார்னஸும், இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டையும் இரண்டையும் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஆள் உயரச் சுவரைத் தாண்டக்கூடியவை. பெரும்பாலும் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் சுபாவம் வேறு. லாப்ரடாரைப் போல நாலு பேரோடும் விளையாடும் என்று நினைத்து அவற்றைக் கூட்டத்தில் விட்டால் ரத்தக்களறிதான்.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறது. செய்துவிடுங்கள், நல்லதுதான். ஆனால் சிப் இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாது. தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சிப்பில் ஒரு 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கிறது. யாராவது நாயைப் பிடித்து, கருவி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தால்தான் அது பேசும். கழுத்தில் உங்கள் போன் நம்பரும், ஊரில் இருக்கும் இன்னொருவர் நம்பரும் எழுதிய வில்லை தொங்கட்டும். அந்த 15 இலக்க எண்ணை உங்கள் போனிலும் குறித்துவையுங்கள்.

டிசம்பர் அரையாண்டு லீவுக்கு மழைதான் கவலை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் எப்படி ஏறியது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாடகை குறைவு என்பதால் போர்டிங்குகள் பெரும்பாலும் புறநகரில், அதிலும் தாழ்வான மனைகளில் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் பூட்டிய கூண்டில் தண்ணீர் ஏறினால் நாய் எங்கே போகும்? மாடி இருக்கிறதா, ராத்திரி சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க வேண்டும். வெள்ளம் வராவிட்டாலும் எலி வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கலாம். அது நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும், நாய் வழியாக வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் வரலாம்.

'எங்களிடம் கூண்டே கிடையாது, எல்லா நாயும் சுதந்திரமாக இருக்கும்' என்பது இப்போது பெரிய விளம்பரம். கேட்க இதமாக இருக்கிறது, கூண்டைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும் நமக்கு அது பிடித்தும் விடுகிறது. என் கணிப்பு வேறு. பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிடட்டும், நல்லது. ராத்திரி ஒரு ஜெர்மன் ஷெப்பர்டையும் ஒரு பொமரேனியனையும் ஒரே அறையில் விட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவது சுதந்திரம் ஆகாது. சோற்றுக்கும் எலும்புக்கும் படுக்கும் இடத்துக்கும் நாய்கள் அடித்துக்கொள்ளும். சின்ன நாய்க்கு ஒரு கடி போதும். ராத்திரி தனித்தனி அறை, சாப்பாட்டு வேளையில் தனித்தனி இடம் இரண்டும் கட்டாயம் வேண்டும்.

ராத்திரி, ராத்திரி என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஓர் அவசர நிலை வரும். நாளுக்கு ஒரே வேளை வயிறு முட்டச் சோறு போட்டால், அவசரமாக விழுங்கினால், பதற்றத்தில் இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். புது இடத்தில் இந்த மூன்றுமே ஒன்றாக நடக்கக்கூடியவை. வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வெளியே வராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு இது தொடங்கி, காலை ஏழு மணிக்கு ஆள் வந்து கதவைத் திறந்தால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பிட்ஸ் மாத்திரை சாப்பிடும் நாய், இன்சுலின் போடும் நாய் இவற்றுக்கும் இப்படித்தான். மருந்து தவறி ராத்திரியில் நிலைமை மோசமானால் கவனிக்க ஆள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாயை மருத்துவமனையோடு சேர்ந்த இடத்தில் மட்டும் விடுங்கள், இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடுமையாகத் தோன்றலாம். வேறு பதில் என்னிடம் இல்லை.

கையெழுத்துப் போடும் தாளைப் படியுங்கள். 'என்ன ஆனாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையாலேயே எழுதிச் சேருங்கள்: நாயை வேறு எந்த இடத்துக்கும் மாற்றக் கூடாது. என்னைக் கேட்காமல் தூக்க மருந்து கொடுக்கக் கூடாது. ஓயாமல் குரைக்கும் நாய்க்கு அதைக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் இந்த டாக்டரிடம், இத்தனை ரூபாய் வரை என்னைக் கேட்காமலேயே செலவு செய்யலாம். என்னைப் பிடிக்க முடியாவிட்டால் உள்ளூரில் இருக்கும் என் தம்பி முடிவெடுப்பார், இது அவர் நம்பர். இதற்கு ஒப்புக்கொண்டு எதிர்க் கையெழுத்துப் போட மறுத்தால் அங்கே விட வேண்டாம். வாட்ஸப்பில் பேசினதை அழிக்காதீர்கள், பணம் கட்டினதற்கு ரசீது வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்படியும் நேரடியாக ஒரு வாரத்துக்கு விடாதீர்கள். ஊருக்குப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, நீங்கள் சென்னையில் இருக்கும்போதே, ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். புது இடத்தில் முதல் வேளை சாப்பிடாமல் இருப்பது பெரும்பாலான நாய்களுக்கு இயல்பு. ஆனால் திரும்பக் கூப்பிடப் போகும்போது அது எப்படி வெளியே வருகிறது, தொண்டை கட்டியிருக்கிறதா, தண்ணீரைப் பார்த்ததும் பாய்ந்து பாய்ந்து குடிக்கிறதா, வயிற்றடியில் மூத்திர நாற்றம் இருக்கிறதா என்று கவனித்தால் அந்த ஓர் இரவு நிறையச் சொல்லிவிடும். வீட்டில் சாப்பிடுவதையே கட்டிக் கொடுங்கள். தயிர்சாதமும் கோழியும் தின்று வளர்ந்த நாய்க்குத் திடீரென்று அங்கே இருக்கும் பெடிகிரியைக் கொட்டினால் பேதி ஆகும். பேதி ஆனால் அது பார்வோவா, சாப்பாடா என்று தெரியாமல் எல்லோரும் திணறுவார்கள்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. வயதான நாய்க்கும் பயந்த சுபாவமுள்ள நாய்க்கும், அதற்குப் பழகின ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவதைவிட மேலான ஏற்பாடு எதுவும் கிடையாது. சித்தப்பா பையன், கல்லூரி விடுதியில் இருக்கும் மருமகள், மேல் வீட்டுப் பாட்டி, யாராவது. உடன் அழைத்துப் போவதென்றால் ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கையோ நான்கு படுக்கையோ கொண்ட முழு அறையையும் உங்கள் பெயரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டியில் போட்டு அனுப்பவும் விதி இடம் தருகிறது. கோடையில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திரும்பி வந்து நாயைக் கூப்பிடும்போது அது வாலாட்டுகிற சந்தோஷத்தில் மற்றதை மறந்துவிடுவோம். வாசலிலேயே, அவர்கள் எதிரிலேயே உடம்பைத் தடவிப் பாருங்கள். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடையின் உட்புறம். சின்னப் பல் தடம் இருந்தாலும் எந்த நாய் கடித்தது, அதற்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் நாய்க்கு வருடாந்திர ஊசி போட்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த மூன்று வாரம் சாப்பாட்டிலும் சுறுசுறுப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். காய்ச்சல் என்று போனால் 'போர்டிங்கில் இருந்து வந்தது' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

'ஓடிப்போயிடுச்சு சார்' என்று போன் வந்தால் விடுமுறையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவரை அங்கே அனுப்பி, கேமராப் பதிவைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பழைய பதிவு சில நாளில் அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இறந்துவிட்டது என்று சொன்னால், கல் மனசோடுதான் இதைச் சொல்கிறேன், புதைக்க விடாதீர்கள். 'நாங்களே மரியாதையா அடக்கம் பண்ணிட்டோம்' என்பது அக்கறையாகவும் இருக்கலாம், ஆதாரத்தை மறைப்பதாகவும் இருக்கலாம். உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக, உறைந்துவிடாமல், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தாமதமானால் உடல் கெட்டுக் காரணம் தெரியாமலேயே போய்விடும். சூட்டில் இறந்ததா, வயிறு முறுக்கியா, கடிபட்டா, விஷமா என்பது அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

அந்த அறிக்கையும், உங்கள் கையால் எழுதிச் சேர்த்த தாளும், ரசீதும், வாட்ஸப் பேச்சும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நீங்களே போய் நின்று பேசலாம்.